பழைய ஸ்டூடியோ சாமான்களை விற்று கிட்டார் வாங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு அறையை ஸ்டூடியோவாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்தே தீரும். மேஜை மேல் இரண்டு இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கருவியையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), அலமாரியில் மூன்று மைக், பரணில் உறை போட்ட கீபோர்டு. வாசிக்கும் கிட்டார் மட்டும் கல்லூரிக் காலத்தில் வாங்கியது. இருப்பதைக் கழித்து நல்ல கிட்டார் ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இவை. சென்னையையும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

எதை முதலில் விற்பது?

கம்ப்யூட்டரில் செருகினால்தான் உயிர் வரும் என்கிற எதையும் முதலில் தள்ளிவிடுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ், ப்ளக்-இன்களை (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் துணை நிரல்கள்) ஓட்டும் டிஎஸ்பி பெட்டி, கன்ட்ரோலர் எல்லாம் இந்த வகை. இவை ஒரு நாளும் தேய்ந்து சாவதில்லை. கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருள் கிடைக்காமல்தான் சாகின்றன. ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பில் ஓடிய இன்டர்ஃபேஸ்களுக்கு நடந்ததைப் பாருங்கள். அடாப்டர் மேல் அடாப்டர் போட்டு மேக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிள் மேக்ஓஎஸ் 26-ல் ஃபயர்வயரையே எடுத்துவிட்டது. உள்ளே இருக்கும், மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இன்றும் நன்றாகத்தான் பாடும், ஆனால் புது மேக் வைத்திருப்பவர் இனி அதை வாங்கமாட்டார்.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் தலைமுறை மாறும்போதே விலை இறங்கும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸின் இரண்டாம் தலைமுறை 2016-ல் வந்தது, மூன்றாவது 2019-ல், நான்காவது 2023-ல். ஒவ்வொரு முறையும் புதியது கடைக்கு வந்ததும் முந்தையதை வைத்திருப்பவர்கள் மொத்தமாக விளம்பரம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் நின்றால் வாங்குபவருக்குத்தான் கொண்டாட்டம்.

மைக் அப்படியில்லை. ஷ்யூர் எஸ்எம் 57 சந்தைக்கு வந்தது 1965-ல், எஸ்எம் 58 அடுத்த ஆண்டு. இன்றும் கடையில் புதிதாக அதே மைக்கைத்தான் விற்கிறார்கள். பத்து வருடம் பழைய 57-ஐ வாங்குபவர் பழைய மாடல் என்று குறை சொல்ல வழியே இல்லை. அதனால் மைக்கை அவசரப்பட்டு விற்காதீர்கள். அடுத்த வருடம் விற்றாலும் ஏறக்குறைய இதே காசுதான். 57, 58 மாதிரி டைனமிக் மைக், ஸ்டாண்டு, கிட்டார் ஒலியை மாற்றும் பெடல், கிட்டார், ஆம்ப் எல்லாம் வரிசையில் பின்னால் நிற்கட்டும்.

எதை விற்கவே கூடாது?

இன்றைக்கு ராத்திரி ஒரு பாட்டைப் பதிவு செய்ய எது வேண்டுமோ அது: ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன். கிட்டார் ஆசையில் இதையும் விற்றவர்கள் ஆறு மாதம் கழித்து அதையே கூடுதல் விலைக்கு வாங்குவதை நிறையப் பார்த்தாயிற்று.

விலை எப்படி வைப்பது? என்னிடம் பில் இருக்கிறது.

பில் இருப்பது நல்லது. ஆனால் அது வாரண்டிக்கும், பொருள் திருட்டுப் பொருள் இல்லை என்று காட்டவும்தான். வாங்க வருபவர் பார்ப்பது இன்றைக்கு அதே பொருள் புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை. அதுவும் பண்டிகைத் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தள்ளுபடி விலையை. நீங்கள் வாங்கியபோது கொடுத்த இருபத்தெட்டாயிரம் அவருக்கு ஒரு கதை, அவ்வளவுதான்.

நான் கணக்கிடும் விதம் இது. இன்றைய கடை விலையை எடுத்துக்கொள்வேன். நல்ல பெயர் உள்ள மைக், மானிட்டர் ஸ்பீக்கர் என்றால் அதில் அறுபது, அறுபத்தைந்து சதவீதத்தில் தொடங்குவேன். இன்டர்ஃபேஸ் என்றால் பாதி. பெட்டி, பில், மிச்ச வாரண்டி மூன்றும் இருந்தால் கொஞ்சம் ஏற்றலாம். உற்பத்தி நின்றுபோய் ஆட்கள் தேடும் பெடல் மாதிரியான பொருளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு நீங்கள் சொல்வதுதான் விலை, பொறுமை இருந்தால்.

விளம்பரங்களில் போட்டிருக்கும் விலையை நம்பாதீர்கள். நான்கு மாதமாக அதே விலையில் ஒரு விளம்பரம் கிடக்கிறது என்றால் அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். வெளிநாட்டுத் தளங்களில் டாலரில் பார்த்துப் பெருக்குவதும் பயனில்லை. அங்கே மலிவாகக் கிடைக்கும் அமெரிக்கத் தயாரிப்பு இங்கே சுங்கவரியோடு வந்திருப்பதால் பழையதற்கும் கூடுதல் விலை போகும்.

அப்புறம், பேரத்துக்கு இடம் விட்டு விலை வையுங்கள். "லாஸ்ட் ப்ரைஸ் என்ன ப்ரோ?" என்ற செய்தி பொருளின் பெயரைக்கூடச் சரியாகப் படிக்காமல் வந்து விழும். அதற்கு ஒரே பதில்: "நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்." போனிலேயே குறைத்துவிட்டால், நேரில் வந்து இன்னொரு முறை குறைப்பார்.

ஆக்டோபேட், பழைய கீபோர்டு இதெல்லாம் யார் வாங்குவார்கள்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர். வீட்டு ஸ்டூடியோக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்காத சாமானுக்குத்தான் நம் ஊரில் நிஜமான சந்தை இருக்கிறது. லைட் மியூசிக் குழுக்களுக்கு ரோலண்ட் ஆக்டோபேட் (குச்சியால் அடிக்கும் எலக்ட்ரானிக் தாளக் கருவி) இல்லாமல் மேடை கிடையாது. மாடல் எவ்வளவு பழையதானாலும் பேட் எல்லாம் ஒரே மாதிரி அடி வாங்குகிறதா, அவுட்புட் ஜாக் ஆடாமல் இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். சாம்பிள், அதாவது பதிவு செய்த ஒலி, ஏற்றக்கூடிய பேட் என்றால் முதல் கேள்வியே "டோன் ஏத்தியிருக்கா?" என்பதுதான். தவில், பறை, உடுக்கை, பம்பை என்று நல்ல டோன் செட் ஏற்றியிருந்தால், நீங்களே பதிவு செய்ததாக இருக்கும் பட்சத்தில், தாராளமாகச் சேர்த்துக் கொடுங்கள். பொருள் அன்றைக்கே போய்விடும்.

கீபோர்டும் அப்படித்தான். இந்திய ஸ்டைல்களோடு வரும் யமஹா பிஎஸ்ஆர்-ஐ வரிசைக்கு எப்போதும் ஆள் உண்டு. தேவாலயங்களில் கிறிஸ்துமஸுக்கு முன்னால், அக்டோபர், நவம்பரில், கீபோர்டு, மிக்ஸர், மேடை மைக் எல்லாம் தேடுவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் காதில் போட்டு வையுங்கள். குழுக்கள் வாங்குவது கோயில் கொடை, பங்குனி, ஆடித் திருவிழாக்களுக்கு முன்னால். திருவிழா முடிந்த மறுவாரம் விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. விற்க வந்தவர்கள்தான் இருப்பார்கள்.

எங்கே விற்பது?

முதலில் தெரிந்த இசைக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. அடுத்து ஃபேஸ்புக்கில் இசைக்கருவி வாங்கி விற்கும் குழுக்கள். கடைசியாக ஓஎல்எக்ஸ். பொருள் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் விலையும் சரியாகக் கிடைக்கும், வீண் பேச்சும் குறைவு. ஓஎல்எக்ஸில் ஸ்டூடியோ மைக்கைப் போட்டால் "இதைப் போனில் செருகலாமா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஆரம்பநிலை கிட்டார், சின்ன கீபோர்டு, ப்ளூடூத் மைக் மாதிரி சாமானுக்கு அதுதான் சரியான இடம். பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் வகுப்பு சேர்க்கும் பெற்றோர் அங்கேதான் தேடுகிறார்கள்.

கடையில் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் போடலாமா?

சில கடைகள் எடுத்துக்கொள்ளும். அவர்கள் அதை மறுபடி விற்று லாபம் பார்க்க வேண்டும் என்பதால் நேரடியாக விற்றால் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். நேரம் இல்லாதவர்களுக்கு அது நியாயமான வழிதான். போகும்போது வாங்கப்போகும் கிட்டாரின் விலையை முதலில் தனியாகப் பேசி முடித்துவிட்டு, பிறகு பழைய பொருளை எடுத்து மேஜையில் வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் ஒன்றில் கொடுத்ததை இன்னொன்றில் எடுத்துவிடுவார்கள்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது?

மாடல், வாங்கிய வருடம், குறை, கூட வருபவை, ஊர். "மின்ட் கண்டிஷன், சீரியஸ் பையர்ஸ் ஒன்லி" என்று எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்படி எழுதலாம்:

"ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மூன்றாம் தலைமுறை. 2021-ல் சென்னையில் புதிதாக வாங்கியது. பில் உண்டு, பெட்டி இல்லை. இரண்டாவது இன்புட்டின் கெய்ன் குமிழைத் திருப்பும்போது லேசாகக் கரகரக்கும். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டால் சத்தம் இல்லை. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. யூஎஸ்பி கேபிள் தருகிறேன். வளசரவாக்கத்துக்கு நேரில் வந்து மைக் செருகிப் பாடிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்."

அந்தக் கரகரப்பை எழுதியதால் விலை குறையும் என்று பயப்பட வேண்டாம். வந்து பார்ப்பவர் தானே கண்டுபிடித்தால் இரண்டாயிரம் குறைப்பார். நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஐந்நூறோடு போகும். படம் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். பின்பக்க ஜாக்குகள், கீறல், பொருள் ஆனில் இருக்கும்போது ஒரு படம் எல்லாம் வேண்டும். சீரியல் எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். கேட்பவருக்குத் தனியாக அனுப்பலாம்.

விற்பதற்கு முன் ரிப்பேர் பார்க்கலாமா?

சின்னதைப் பாருங்கள், பெரியதை விட்டுவிடுங்கள். குமிழ், ஃபேடர் கரகரப்பது பெரும்பாலும் தூசியும் ஈரப்பதமும்தான். எலக்ட்ரானிக் சாமானுக்கான கான்டாக்ட் க்ளீனர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். இரண்டு சொட்டு அடித்துக் குமிழை இருபது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அதில் அடித்துவிடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு தங்கிவிடும்.

கண்டென்சர் மைக்கில் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) பட்பட்டென்று வெடிக்கிற சத்தம் வந்தால் அதையும் உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். கடற்கரை ஊர்களில் ஒலியைப் பிடிக்கும் காப்ஸ்யூலில் ஈரம் ஏறினாலே அப்படிக் கேட்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு இரண்டு நாள் வைத்துவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். அப்போதும் வெடித்தால் பழுதுதான். அதைச் சொல்லி விற்க வேண்டியதுதான். ஹெட்போனின் காது மெத்தை உரிந்திருந்தால் புதிது மாற்றிவிடுங்கள். அடுத்தவர் வியர்வை பட்ட உரிந்த ரெக்ஸினைத் தலையில் மாட்டிப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

நான் வைத்திருக்கும் எஸ்எம் 58 அசலா போலியா என்று சந்தேகமாக இருக்கிறது.

சந்தேகம் நியாயமானதுதான். உலகத்திலேயே அதிகம் போலி வரும் மைக்குகளில் அது ஒன்று. முதலில் தராசில் வைத்துப் பாருங்கள். அசல் எஸ்எம் 58 கேபிள் இல்லாமல் 298 கிராம், எஸ்எம் 57 284 கிராம். சமையலறைத் தராசு போதும். எடை நன்றாகக் குறைந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளலாம். சரியாக இருந்தாலும் அது மட்டும் சாட்சி ஆகாது, சிலர் உள்ளே எடை வைத்து விற்கிறார்கள். நம்பகமான ஒரு 58-ஐப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் ஒரே வரியைப் பாடிப் பதிவு செய்து கேளுங்கள். போலி என்று தெரிந்துவிட்டால் ஷ்யூர் என்று சொல்லி விற்பது மோசடி. "பிராண்ட் இல்லாத மைக்" என்று ஐந்நூறுக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கருவி. இங்கே விற்கலாமா?

பின்பக்கம் மின் இணைப்புக்குப் பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். "100–240" என்றிருந்தால் பிரச்சினை இல்லை, ப்ளக்கை மாற்றினால் போதும். "120" மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும். கொடுக்கும்போது வாயால் சொன்னால் போதாது. கருவியின் பின்பக்கமே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். அதை மூன்றாவதாக வாங்கப் போகிறவருக்கு உங்களைத் தெரியாது.

சாஃப்ட்வேரை விற்க முடியுமா?

நிறுவனத்தைப் பொறுத்தது. ஆப்பிள் ஆப் ஸ்டோரில் வாங்கிய லாஜிக் ப்ரோ என்ற பதிவு மென்பொருள் உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது, விற்க வழியில்லை. ஐலாக்கில் (பல நிறுவனங்களின் லைசென்ஸ்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு) இருக்கும் லைசென்ஸ்களில் பலவற்றை மாற்றலாம். அதற்குக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. இன்டர்ஃபேஸோடு இலவசமாக வந்த ப்ளக்-இன்களை நீங்கள் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், வாங்குபவருக்கு அவை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பொருளை விற்றதும் அதன் சீரியல் எண்ணை உங்கள் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் புதியவர் பதிவு செய்ய முடியாமல் ராத்திரி பதினொரு மணிக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்.

வாங்க வருபவர் வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.

கண்டிப்பாகச் சோதிக்கட்டும். அவர் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இணைத்து, ஒலிக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்று பின் ப்ளக், எர்த் உள்ள சாக்கெட்டாக இருக்கட்டும். நம் பழைய வீடுகளில் எர்த் இல்லாத சாக்கெட்டில் லேப்டாப் சார்ஜரோடு இன்டர்ஃபேஸை ஓட்டினால் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்குப் பழி உங்கள் பொருள் மேல் விழும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிக் காட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கண்டென்சர் மைக் மாற்றும்போது இன்டர்ஃபேஸிலிருந்து மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரத்தை அணைத்து, சில விநாடி விட்டு, பிறகு கழற்றச் சொல்லுங்கள். பெடல் சோதிக்க வருபவர் தன் அடாப்டரைக் கொண்டுவந்தால் வாங்கிப் பாருங்கள். பாஸ் போன்ற பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். நடுவில் ப்ளஸ் இருக்கும் அடாப்டரைச் செருகி, பெடல் செத்துவிட்டால் "உங்க பெடல்ல ஏதோ பிரச்சினை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மானிட்டர் ஸ்பீக்கரை ஜோடியாகத்தான் விற்க வேண்டும். "ஒண்ணு மட்டும் கிடைக்குமா?" என்பவருக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பெட்டி.

பணம் வாங்குவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொருளைப் பார்க்காமலே, பேரம் பேசாமலே, கேட்ட விலைக்குச் சம்மதிப்பவர் வாங்க வரவில்லை. தான் ராணுவத்தில் இருப்பதாகவும், ஆள் அனுப்பிப் பொருளை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லி, அடையாள அட்டைப் படம் ஒன்றும் அனுப்புவார். பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும். "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்."

பணம் வருவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்கிறது என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது. இதை வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள், நீங்கள் இல்லாத நேரத்தில் போன் எடுப்பது அவர்கள்தான். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வசதி 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டிருந்தாலும், க்யூஆரைக் காட்டி ஏமாற்றுவது நின்றபாடில்லை.

நேரில் வருபவரிடமும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பணம் அனுப்பியதாகக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. எஸ்எம்எஸ்ஸையும் நம்ப வேண்டாம். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பொருளைக் கையில் கொடுங்கள். யூபிஐயில் ஒரு நாளைக்குப் பொதுவாக ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும் என்பதால் அதற்கு மேல் விலை போகும் பொருளுக்கு முன்கூட்டியே பேசி வையுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு இருக்கிறது.

வெளியூருக்கு அனுப்பலாமா?

சின்ன சாமானைக் கூரியரில் தாராளமாக அனுப்பலாம், முழுப் பணமும் வந்த பிறகு. கீபோர்டு, ஆம்ப், கிட்டார் என்றால் கூரியரைவிட ஆம்னி பஸ் பார்சல் தேவலை. ராத்திரி ஏற்றினால் காலையில் அவர் போய் எடுத்துக்கொள்வார், நடுவில் நாலு கிடங்கில் தூக்கிப் போடமாட்டார்கள்.

கிட்டாரை அனுப்பும்போது கம்பிகளை இரண்டு சுரம் அளவுக்குத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். தலைப்பகுதிக்குக் கீழே, நட்டுக்கு (கம்பிகள் தலைக்குப் போகுமுன் தாண்டும் சின்னக் கட்டை) பின்னால் இருக்கும் கழுத்தின் மெலிந்த இடம்தான் முதலில் உடையும். அங்கே துணியோ ஃபோமோ சுற்றி, தலை ஆடாதபடி இறுக்குங்கள். கிப்ஸன் பாணி கிட்டார்களில் தலை பின்பக்கம் சாய்ந்திருப்பதால் பெட்டி மல்லாக்க விழுந்தாலே விரிசல் விடும். பெட்டிக்குள் அசைத்துப் பார்த்தால் சத்தமே வரக்கூடாது. வால்வ் ஆம்ப் என்றால் கண்ணாடி வால்வுகளைக் கழற்றி, எது எந்த இடம் என்று எண் எழுதி, தனியாகச் சுற்றி வையுங்கள். மூடுவதற்கு முன் பொருள் வேலை செய்வதையும் பேக் செய்வதையும் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள்.

வரி கட்ட வேண்டுமா?

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கிட்டார், மைக் போன்றவற்றை வாங்கியதைவிடக் குறைவாக விற்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஸ்டூடியோவைத் தொழிலாகக் காட்டி, அந்தப் பொருளுக்குத் தேய்மானம் எழுதியிருந்தால் கணக்கு வேறு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிட்டாரை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பழையதை விற்கலாமா?

வேண்டாம். இஎம்ஐ தேதி நெருங்க நெருங்க உங்கள் விலை தானாக இறங்கும், வாங்க வருபவருக்கு அது குரலிலேயே தெரிந்துவிடும். விற்ற காசைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கில் கலந்த காசு கிட்டாராகத் திரும்பி வராது.

எல்லாக் காசையும் கிட்டாரிலேயே போட்டுவிடலாமா?

பத்து சதவீதமாவது நிறுத்தி வையுங்கள். புதுக் கம்பி, நல்ல பை, செட்டப் மூன்றும் அதில் வரவேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த கிட்டார் அப்படியே வாசிக்கத் தயாராக இருப்பது அபூர்வம். குளிர்ந்த ஊரில் செய்து, கப்பலில் வந்து, நம் ஊர் வெக்கையில் இறங்கியதும் கழுத்து கொஞ்சம் வளைந்திருக்கும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருத்தி, கம்பி உயரத்தைச் சரிசெய்து, இன்டோனேஷன் (கழுத்து முழுக்கச் சுருதி சரியாக வருகிறதா) பார்த்துக் கொடுக்க நல்ல ஆள் ஒருவர் வேண்டும். செட்டப் செய்த நடுத்தர விலைக் கிட்டார், செட்டப் செய்யாத விலை உயர்ந்த கிட்டாரைவிடக் கைக்குச் சுகமாக இருக்கும்.

புதிதா, பழையதா?

நீங்களே பழையதை விற்றுவிட்டு வருகிறீர்கள், எவ்வளவு குறைகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் குறைவு இப்போது உங்கள் பக்கம் வேலை செய்யட்டும். எலக்ட்ரிக் கிட்டார் என்றால் நான் பழையதையே சொல்வேன். அதே காசுக்கு ஒரு படி மேலே போகலாம். ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்க்வயரின் புதுக் கிட்டார் விலையில் சில சமயம் மெக்ஸிகோவில் செய்த ஃபெண்டர் கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை) ஒரு விரலாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இன்னொரு விரலாலும் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து சரி. இரண்டு மூன்று கார்டு நுழைந்தாலும், இடைவெளியே இல்லாவிட்டாலும் ட்ரஸ் ராடைத் திருப்ப வேண்டும்; அது திரும்புகிறதா என்று உங்கள் எதிரிலேயே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இறுகிப்போன ட்ரஸ் ராட் இருந்தால் பெரிய பெயராக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். எங்கே 'டிர்ர்' என்று அடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மழைக்காலமும் ஏசி அறையும் மாறி மாறிப் பார்த்த கிட்டாரின் மேல்பலகை, கம்பிகளின் கீழ்முனை மாட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு மாதிரி உப்பியிருக்கும். பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் தூக்க ஆரம்பித்துவிட்டது. அப்படிப்பட்டதற்குப் பதில் புதிய யமஹா எஃப் 310 ஒன்றை வாங்கிவிடலாம். சென்னையில் இருந்தால் அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைக்குப் போய் ஒரே மாடலில் இரண்டு மூன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

கிட்டார் விலை, அனுப்பும் செலவு, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டித்தான் சுங்கவரி போடுவார்கள், அதன் மேல் ஜிஎஸ்டி. கணக்குப் போட்டுப் பார்த்தால் இங்கே கிடைக்கும் மாடலை வரவழைப்பதில் லாபமில்லை. கிட்டார் செய்யும் ரோஸ்வுட் மரம் பற்றியும் கேட்கிறார்கள். 2017 ஜனவரியில் எல்லா ரோஸ்வுட் வகைகளும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது, 1992-லிருந்தே மிகக் கடுமையான தடை. பிரேசில் மரம் கிடைப்பது சிரமமானதால்தான் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். அது அமெரிக்காவுக்குப் போய் கிட்டாராகித் திரும்பி வரும்போது நாம் சுங்கவரி கட்டுகிறோம்!

விற்ற பிறகு, வேலை செய்யவில்லை என்று வாங்கியவர் கூப்பிட்டால்?

நேரில் சோதித்து வாங்கியவர் என்றால் பொதுவாக அத்துடன் முடிந்தது. ஆனால் இரண்டு நாளுக்குள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுங்கள். பாதிப் பேருக்கு டிரைவர் போடத் தெரிந்திருக்காது, ஃபான்டம் பட்டனை அழுத்தியிருக்கமாட்டார்கள். இசை வட்டாரம் சின்னது. அடுத்த பொருளை விற்கும்போது அதே குழுவில்தான் விளம்பரம் போடப்போகிறீர்கள்.

மிச்சம் இருக்கும் கேபிள், பாப் ஃபில்டர், உடைந்த ஸ்டாண்டு எல்லாம்?

தனித்தனியாக விற்க முயன்றால் ஒவ்வொன்றுக்கும் நூறு செய்தி வரும். நல்ல கேபிள்களை மைக், இன்டர்ஃபேஸோடு சேர்த்துக் கொடுத்து பேரத்தை அங்கேயே முடியுங்கள்: "விலை குறையாது, வேணும்னா ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள் தரேன்." பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கரகரக்கும் கேபிளை எறிய வேண்டாம், இரண்டு முனையிலும் புது ஜாக் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் சில வருடம் ஓடும். உடைந்த ஸ்டாண்டை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள்.